மருந்துக்கு அடங்காத வலிப்பும் கீட்டோஜெனிக் உணவும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று மருந்து கொடுத்தும் ஃபிட்ஸ் நிற்கவில்லை. இதைத்தான் ‘மருந்துக்கு அடங்காத வலிப்பு’ என்கிறார்களா?

குழந்தையின் வலிப்பு வகைக்குப் பொருத்தமான 2 மருந்துகளை, தனித்தனியாகவோ சேர்த்தோ, சரியான அளவில் போதிய காலம் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அந்தப் பெயர். உலக அளவில் வலிப்பு மருத்துவர்கள் 2010-ல் வகுத்துக்கொண்ட வரையறை இது. இதில் ‘பொருத்தமான’, ‘சரியான அளவில்’ என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். வேளை தவறிய மாத்திரை, குழந்தையின் எடை கூடியும் கூட்டாத அளவு, வகைக்கு ஒவ்வாத மருந்து ஆகியவை இந்தக் கணக்கில் சேரா. அவற்றைச் சரிபார்த்த பிறகுதான் கீட்டோஜெனிக் உணவு, அதாவது கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுச் சிகிச்சை, பற்றிய பேச்சு.

நான்காவது, ஐந்தாவது மருந்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் உணவை முயலலாம் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அது வீண் காத்திருப்பு. இரண்டு மருந்து தோற்றதுமே, அடுத்தது உணவா, அறுவை சிகிச்சையா, வேறு மருந்தா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஓரிடத்தில் மட்டும் கோளாறு தெரிந்தால் முதலில் பேசவேண்டியது அறுவை சிகிச்சை பற்றி. உணவைச் சாக்காக வைத்து அதைத் தள்ளக்கூடாது.

உடல் இளைக்க எல்லாரும் இருக்கும் ‘கீட்டோ’வும் இதுவும் ஒன்றா?

பெயர் மட்டும் ஒன்று. இது 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்கென்றே முன்வைத்த சிகிச்சை. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது பழைய அனுபவம். பட்டினி போடாமலே உடலைப் பட்டினி நிலையில் வைத்திருக்கும் வழி இது. மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பை ஏற்றினால், கல்லீரல் அந்தக் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கும். மூளை சர்க்கரைக்குப் பதில் அதை எரிக்கத் தொடங்கும். 1938-ல் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து வந்ததும் மாத்திரை எளிது என்று உணவை ஓரங்கட்டினார்கள். 1990-களில் அது திரும்பி வந்தது.

இளைக்க இருப்பவர் ஒருநாள் தவறினால் எடை நிற்கும், அவ்வளவுதான். இந்தக் குழந்தை ஒரு மாரி பிஸ்கட் தின்றால் அன்றிரவே வலிப்பு வரலாம். இதை மாத்திரை போல, கிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து என்றே பாருங்கள். யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்கவே கூடாது. ஏன் என்பது கீழே வருகிறது.

உண்மையில் எத்தனை குழந்தைகளுக்குக் கேட்கிறது?

ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைகிறது. முழுதாக நின்றுபோவது சிறு பங்கினருக்கு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனை மையமாக இருந்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வில் 145 குழந்தைகள் இருந்தார்கள். 3 மாதத்தில், உணவு எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. எடுக்காதவர்களில் அப்படிக் குறைந்தது 6 சதவீதத்தினருக்குத்தான். டெல்லி எய்ம்ஸில் 102 குழந்தைகளிடம் மாற்றியமைத்த அட்கின்ஸ் உணவை (இதே சிகிச்சையின் சற்றுத் தளர்ந்த வகை, கீழே வருகிறது) சோதித்தபோது (2013) உணவு எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 11.5 சதவீதத்தினருக்கும் அப்படிக் குறைந்தது. நம் நாட்டுச் சமையலிலும் இது முடியும் என்று காட்டிய ஆய்வு அது.

சில நோய்களில் பலன் கூடுதல். குளூட்-1 குறைபாட்டில் சர்க்கரை மூளைக்குள் போகும் வாசலே பழுதாகியிருக்கும். பைருவேட் டீஹைட்ரோஜினேஸ் குறைபாட்டில் போன சர்க்கரையை எரிக்க முடியாது. இவை இரண்டிலும் உணவுதான் முதல் சிகிச்சை, மருந்து தோற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டீராய்டுக்கும் விகாபட்ரின் மருந்துக்கும் அடங்காத குழந்தைப்பருவ ஸ்பாசம் (கைக்குழந்தையின் உடல் வெட்டி வெட்டி மடங்கும் வலிப்பு), டிராவே நோய் என்ற மரபணு வலிப்பு, திடீரென்று தலை தொங்கிக் கீழே விழவைக்கும் டூஸ் வகை வலிப்பு, மூளையிலும் தோலிலும் சிறு கட்டிகள் வரும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றிலும் நல்ல பலன் பார்க்கிறோம்.

யாருக்குக் கொடுக்கவே கூடாது?

கொழுப்பை எரிப்பதிலோ மாவுச்சத்துக் குறைவைத் தாங்குவதிலோ பிறவியிலேயே பழுதுள்ள குழந்தைகளுக்கு. கார்னிடின் குறைபாடு, கொழுப்பு அமில எரிப்புக் கோளாறுகள், பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்ஃபிரியா ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இவர்களுக்கு இந்த உணவைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. வெளியே பார்த்தால் இந்தக் குழந்தைகளும் சாதாரண வலிப்புக் குழந்தை போலவே இருக்கும். வீட்டில் தொடங்காதீர்கள் என்பதற்கு முதல் காரணம் இதுதான். ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் அசைல்கார்னிடின், சிறுநீரில் கரிம அமிலங்கள், கல்லீரல், சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி, வெறும் வயிற்றில் கொழுப்பு அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

4:1, 3:1 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கொழுப்பு எத்தனை கிராம், அதற்கு எதிரே புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து எத்தனை கிராம் என்ற விகிதம். 3:1 என்றால் 3 கிராம் கொழுப்புக்கு மற்ற இரண்டும் சேர்ந்து 1 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்றவை 4 கலோரி. ஆக 3:1-ல் ஓர் அலகு என்பது 27 கூட்டல் 4, அதாவது 31 கலோரி.

நாளுக்கு 1,000 கலோரி தேவைப்படும் 12 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். 1,000-ஐ 31-ஆல் வகுத்தால் சுமார் 32 அலகு. கொழுப்பு 97 கிராம், புரதமும் மாவும் சேர்ந்து 32 கிராம். வளர்ச்சிக்குப் புரதம் 20 கிராம் ஒதுக்கினால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 12 கிராம். நாள் முழுதுக்கும் அவ்வளவுதான். நடுத்தர இட்லி ஒன்றிலேயே 8 முதல் 10 கிராம் போய்விடும். 100 கிராம் சோற்றில் 28.

இப்போது ஒரு வேளைத் தட்டைப் பார்ப்போம். ஓடு நீக்கிய முட்டை 50 கிராம், நறுக்கிய புடலங்காய் 60 கிராம், துருவிய தேங்காய் 15 கிராம், தேங்காய் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 21 கிராம். புரதமும் நார் நீக்கிய மாவும் சேர்ந்து சுமார் 10.4 கிராம், கொழுப்பு சுமார் 31 கிராம். விகிதம் 3:1, கலோரி 320 பக்கம். புடலங்காயில் தேங்காய் போட்டுப் பொரியல், முட்டையில் ஆம்லெட் என்று நம் ருசியிலேயே வரும். இந்த எண்கள் உணவுச் சத்துப் பட்டியலுக்குப் பட்டியல் சற்று மாறும். உங்கள் டயட்டீஷியன் எந்தப் பட்டியலை வைத்துப் போட்டாரோ அதையே பின்பற்றுங்கள்.

எல்லாம் அளந்துதான் கொடுக்கிறோம், ஆனாலும் கீட்டோன் ஏறவில்லையே?

முதலில் வாணலியைப் பாருங்கள். மேலே சொன்ன தட்டில் 4 கிராம் எண்ணெய் சட்டியில் ஒட்டிக்கொண்டால் 3:1 என்பது 2.6 ஆக இறங்கிவிடும். பாதி எண்ணெயில் சமைத்து, மீதியைத் தட்டில் வைத்தபின் மேலே ஊற்றுங்கள். சட்டியை ரப்பர் கரண்டியால் வழித்துப் போடுங்கள். எண்ணெயைக் கரண்டியால் அளக்கவே வேண்டாம், 1 கிராம் துல்லியம் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகப் போட்டு நிறுக்கலாம். காயைச் சமைக்கும் முன் நிறுக்கவேண்டுமா, பின்பா என்பதையும் ஒருமுறை கேட்டு எழுதிவையுங்கள். வதங்கிய கீரை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

அடுத்தது மிச்சம் வைப்பது. விகிதம் ஒவ்வொரு வேளைக்குள்ளும் நிற்கவேண்டும். முட்டையைத் தின்றுவிட்டு நெய்யை விட்டால் கணக்கு கவிழ்ந்தது. பசி இருக்கும் முதல் வாய்களிலேயே கொழுப்பை உள்ளே அனுப்பிவிடுவது நல்லது.

மூன்றாவது, மறைந்திருக்கும் மாவு. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். சாம்பார்ப் பொடியில் பருப்பு உண்டு. ‘சுகர் ஃப்ரீ’ பொட்டலங்கள் சிலவற்றில் லாக்டோஸோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருக்கிறது, இனிப்பு வேண்டுமென்றால் ஸ்டீவியா சொட்டு. ஹோமியோபதி உருண்டை முழுக்கச் சர்க்கரை. லேகியமும் அப்படியே. பனங்கற்கண்டு, கருப்பட்டி, தேன் எல்லாம் ‘இயற்கை’ என்பதால் விதிவிலக்கு ஆகாது. இளநீரிலும் சர்க்கரை உண்டு.

சிறுதானியம் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி வீடுகளில் இங்கேதான் சறுக்குகிறார்கள். கம்பு, கேழ்வரகு, தினை எல்லாமே 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்பதால் இந்தக் குழந்தைக்கும் நல்லது ஆகிவிடாது.

மருந்து சிரப்பிலும் சர்க்கரை இருக்குமா?

பெரும்பாலான சிரப்புகளில் இருக்கும். வலிப்பு மருந்து, காய்ச்சல் மருந்து, ஆன்டிபயாடிக், வைட்டமின், இருமல் மருந்து எதுவும் விலக்கல்ல. சார்பிட்டால் போட்டிருந்தாலும் கணக்கில் சேர்க்கவேண்டும். சப்பிச் சாப்பிடும் மாத்திரையும் வேண்டாம். சிரப்பை மாத்திரையாக மாற்றுவது மருத்துவரின் வேலை, நீங்களாக மாற்றாதீர்கள். குறிப்பாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தின் ‘சி.ஆர்.’ வகை மாத்திரைகள் மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்தவை. அவற்றைப் பொடித்துக் கொடுத்தால் முழு அளவும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மாத்திரையையோ ஆசனவாயில் வைக்கும் மருந்தையோ எடைக்கு ஏற்ப முன்கூட்டியே எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். இரவு 2 மணிக்கு மருந்துக்கடையில் நின்று சர்க்கரை இல்லாத சிரப் தேட முடியாது.

அட்கின்ஸ், லோ ஜி.ஐ. என்று வேறு உணவும் சொல்கிறார்களே?

மாற்றியமைத்த அட்கின்ஸில் நிறுக்கும் வேலை இல்லை. மாவுச்சத்தை மட்டும் நாளுக்கு 10 முதல் 20 கிராமுக்குள் எண்ணிக்கொள்ளவேண்டும். புரதத்துக்குக் கட்டுப்பாடில்லை, கொழுப்பைத் தாராளமாகச் சேர்க்கவேண்டும். லோ ஜி.ஐ. முறையில் 40 முதல் 60 கிராம் மாவு வரை உண்டு, ஆனால் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் வகையாக இருக்கவேண்டும்.

மூன்றையும் எய்ம்ஸில் 170 குழந்தைகளிடம் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவின்படி, 24 வாரத்தில் வலிப்பு குறைந்த நடு அளவு பழைய கீட்டோஜெனிக்கில் 66 சதவீதம், அட்கின்ஸில் 45, லோ ஜி.ஐ.யில் 54. பக்கவிளைவு குறைவாக இருந்தது லோ ஜி.ஐ.யில். எங்கள் கருத்தைக் கேட்டால், 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் குழாய் வழி உணவு எடுக்கும் குழந்தைக்கும் அளந்து கொடுக்கும் பழைய முறைதான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், தனியாகச் சமைக்க ஆளில்லாத வீட்டுக்கும் அட்கின்ஸ் நீடித்து நிற்கும். ஒழுங்காக நடக்கும் அட்கின்ஸ், பாதியில் கைவிட்ட 4:1-ஐவிட மேல்.

நாங்கள் சைவம். முடியுமா?

முடியும். பன்னீர், டோஃபு, வெண்ணெய், கிரீம், தேங்காய்ப்பால், பாதாம், நிலக்கடலை, வெண்ணெய்ப் பழம் இருக்கின்றன. பருப்பைத்தான் மறக்கவேண்டும், அதில் புரதத்தைவிட மாவு கூடுதல். பாலையும் தயிரையும் அளந்தே தரவேண்டும். 100 மி.லி. பாலில் 5 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பாலுக்குப் பதில் கிரீமில் தண்ணீர் கலந்து கொடுப்பது வழக்கம்.

எப்படித் தொடங்குவார்கள்?

பொதுவாகச் சில நாள் மருத்துவமனையில் வைத்து. பட்டினி போட்டுத் தொடங்கவேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை. 1:1, 2:1, 3:1 என்று படிப்படியாக ஏற்றுவார்கள். அந்த நாட்களில் சர்க்கரை இறங்கலாம், வாந்தி வரலாம், குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கலாம். மூச்சு வாங்கி, முகம் சிவந்து, சிடுசிடுப்பும் வாந்தியும் வந்தால் கீட்டோன் அளவுக்குமீறி ஏறியிருக்கக்கூடும். வீட்டில் இப்படி ஆனால், குழந்தை விழுங்கும் நிலையில் இருக்கும்போது 30 மி.லி. ஆரஞ்சுச் சாறு கொடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். 15, 20 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே கிளம்பவேண்டும்.

கீட்டோனை எப்படிப் பார்ப்பது?

சிறுநீரில் நனைக்கும் பட்டை மலிவு. டப்பாவில் போட்டிருக்கும் நொடிக்கணக்கில் நிறத்தை ஒப்பிடவேண்டும், தாமதித்தால் நிறம் கருத்துப் பொய்க்கணக்குக் காட்டும். 80 முதல் 160 (mg/dL) வரை வந்தால் நல்லது. டப்பாவைத் திறந்து போட்டால் காற்றின் ஈரத்தில் பட்டை கெட்டுவிடும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் இன்னும் துல்லியம், பட்டைதான் விலை கூடுதல். ஒரு நோட்டில் தேதி, கீட்டோன், வலிப்பு எத்தனை, என்ன வகை, அன்று மாறியது என்ன என்று எழுதிவாருங்கள். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற நினைவைவிட அந்த நோட்டு மருத்துவருக்கு உதவும்.

என்ன பக்கவிளைவுகள்?

மலச்சிக்கல் பலருக்கும் வரும். வாழைப்பழம் கொடுத்துவிடாதீர்கள், சின்னப் பூவன் பழம் ஒன்றே அன்றைய மாவுக் கணக்கை விழுங்கிவிடும். தண்ணீர், அளவுக்குள் கீரை, மருத்துவர் எழுதும் சர்க்கரையில்லாத மலமிளக்கி போதும். சிறுநீரகக் கல் இன்னொரு தொந்தரவு. டோபிராமேட், சோனிசமைட் என்ற வலிப்பு மருந்துகளை எடுக்கும் குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரைக் குறைக்கக்கூடாது, பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்தால் கல்லின் வாய்ப்பு குறைகிறது. ரத்தக் கொழுப்பு ஏறும், பெரும்பாலும் மாதங்கள் போகப்போக அல்லது விகிதத்தை மாற்றினால் இறங்கும். உயரம் கூடுவது தாமதப்படலாம், எலும்பு பலவீனமாகலாம்.

இந்த உணவில் வைட்டமினும் தாதும் போதாது. சர்க்கரையில்லாத மல்டிவைட்டமின், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை விட்டால் உணவையே விட்டதற்குச் சமம். செலினியம் குறைந்தால் இதயத் தசை பாதிக்கப்படும், அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. முதல் மாதம், மூன்றாம் மாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டியது இதற்காகத்தான்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால்?

சாப்பிட மறுத்தால் அன்று வற்புறுத்தாமல் தண்ணீர், உப்புப்போட்ட தெளிந்த சூப் கொடுங்கள். உடலில் நீர் வற்றுகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கத் தயங்கவேண்டாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் உண்டு, 200 மி.லி.க்கு 2.7 கிராம். கீட்டோன் கொஞ்சம் இறங்கினால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வற்றிப்போன குழந்தையோடு காத்திருக்க முடியாது.

மருத்துவமனையில் சேர்த்தால் முதல் வேலையாகக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிடுவார்கள். ‘கீட்டோஜெனிக் உணவில் உள்ள குழந்தை. ரத்தச் சர்க்கரை குறைந்தால் தவிர டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், நார்மல் சலைன் போதும்’ என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி, லேமினேட் செய்து பையில் வையுங்கள். வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் போன்ற அவசர மருந்தை வழக்கம்போலக் கொடுக்கவேண்டியதுதான். உணவு எதுவாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

பள்ளி, கோயில், பாட்டி வீடு?

உணவு உடைவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளியில் காலை உணவும் சத்துணவும் வேண்டாம் என்று ஆசிரியரிடமும் சமைப்பவரிடமும் எழுதிக் கொடுங்கள். பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மாற்றாக ஒரு பென்சிலோ ஸ்டிக்கரோ பையில் வைத்தனுப்புங்கள். பஞ்சாமிர்தம், சர்க்கரைப் பொங்கல் பிரசாதத்தைக் கையில் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் கொடுத்துவிடலாம், திருநீறு குழந்தைக்கு. ‘ஒரு வாய் சோறுதானே, பிள்ளை ஏங்கிப்போகும்’ என்னும் பாட்டியிடம் சண்டை போடுவதைவிட, ஒருவேளைத் தட்டை அவரையே எடைபோட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். தராசில் எண் ஓடுவதைப் பார்த்தவர் பிறகு காவல்காரராகிவிடுவார்.

உணவு தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தலாமா? எத்தனை நாள் பார்ப்பது?

மாத்திரை அப்படியே தொடரும். பலன் தெரிந்து நிலைத்தபின் மருத்துவர் ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். சிலருக்கு இரண்டே வாரத்தில் மாற்றம் தெரியும். ஆனாலும் 3 மாதம் ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமல் தோற்றது என்று சொல்லவேண்டாம். 3 மாதத்துக்குப் பிறகும் பலன் இல்லையென்றால் நிறுத்துவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பலன் கிடைத்தால் எப்போது நிறுத்துவது?

வழக்கமாக 2 ஆண்டு. குளூட்-1 குழந்தைகளுக்கு இன்னும் பல ஆண்டுகள். ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு கட்டுமீறி வரலாம், அதனால் 2, 3 மாதத்தில் 4:1, 3:1, 2:1, 1:1 என்று இறக்குவார்கள். 1:1 வந்து கீட்டோன் மறைந்தபின் தானியம் சேர்க்கலாம். முதல் வாரம் நாளுக்கு அரை இட்லி போதும், நோட்டில் வலிப்புக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த வாரம் ஒன்று. இடையில் வலிப்பு வந்துவிட்டால் முந்தின படிக்குத் திரும்பிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.